படம் எடுத்தாயிற்று, பிறகு?



தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு வாலிபர் நமது பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். பொரளையில் வேலை பார்ப்பவர். பங்குத் திருநாள்களில் நமக்காகப் படம் பிடித்துத் தருபவர். "சுவாமி, தவக்கால இதழின் முன்பக்கத்துக்கு இது சரி வருமா, பாருங்க" என்று ஒரு புகைப்படத்தை என் மேசைமேல் வைத்தார்.

பொரளைச் சந்திக்கு அருகே ஒரு பஸ் தரிப்பிடம். அதன் ஓரத்தில் பழுப்பு நிறப் பெட்டை நாய் ஒன்று படுத்திருக்கிறது. சொறி பிடித்து மயிர் கொட்டிய உடல். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். தலையைத் தரையில் வைத்தபடி, போவோர் வருவோரின் கால்களை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. கால்களில் ஒன்றாவது அதன் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"மிக நல்ல படம், தம்பி" என்றேன். பின்னர், பத்திராதிபருக்கே உரிய பழக்கத்தால், "ஓரத்தில் குப்பை மாதிரி ஏதோ தெரிகிறதே, அதை வெட்டிவிடுங்க. நாய் மட்டும் தனியாக நின்றால் இன்னும் எடுப்பாக இருக்கும்" என்றும் சொன்னேன். அவர் அப்படியே வெட்டினார். படத்துக்குக் கீழே போடுவதற்காகப் பசியைப் பற்றிய ஒரு வாசகத்தையும் எழுதி முடித்தேன். வேலை முடிந்த திருப்தி இருவருக்கும்.

அப்போது தேநீர் கொண்டுவந்த அம்மா படத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சுவாமி, இந்த நாய் இப்ப இருக்கா, செத்துப்போச்சா?"

நான் வாலிபரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பதினொரு படங்கள் எடுத்ததாகவும், அதற்குள் தமது பஸ் வந்துவிட்டதாகவும் அவர் மெல்லிய குரலில் சொன்னார். அவரை நான் கண்டிக்கவில்லை. கண்டிக்க எனக்கு வாய் இருக்கவில்லை. ஏனெனில், அதே வாரத்தில் ஒரு நோயாளியைப் பார்ப்பதற்காக நானும் அந்தச் சந்தியால் நடந்து போயிருந்தேன். அந்தப் பழுப்பு நாயைக் கண்டதும், அங்கியின் விளிம்பைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கமாக விலகிச் சென்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்த மனிதனின் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்த வழியால் மூவர் வந்தனர். மூவருமே அவனைக் கண்டார்கள் என்றுதான் லூக்கா எழுதுகிறார். கண்களில் குறையில்லை. காட்சியிலும் வேறுபாடில்லை. வேறுபாடு கண்டபின் வந்தது. கண்டும் விலகிப்போன முதலாமவர் ஒரு குரு என்பதை, குருவாகிய நான் ஒவ்வொரு முறையும் பீடத்திலிருந்து வாசிக்கிறேன். வாசித்துவிட்டு மற்றவர்களுக்கு விளக்கம் சொல்கிறேன்.

"மனிதர் பட்டினி கிடக்கையில் நாய்க்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1992இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதற்கு இரு புறமும் கூரான பதிலைத் தருகிறது. மிருகங்களை வீணே துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயரத்தைத் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை மிருகங்கள்மேல் கொட்டுவதும் தகாது என்கிறது. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க நமக்கு இடமில்லை.

மேலும், நகரத்து நாயின் பசியும் நகரத்து மனிதரின் பசியும் ஒரே பானையிலிருந்து வருபவை. கட்டாக்காலி நாய்க்குத் தனிச் சோறு கிடையாது. சாப்பாட்டுக் கடைகளின் எச்சில் இலையும், வீட்டுச் சட்டிகளின் அடிச்சோறுமே அதன் பிழைப்பு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஓராண்டுக்குள் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இருமடங்கு. அந்நாள்களில் எந்தச் சட்டியில் மிச்சம் இருந்தது? வனாத்தமுல்லையின் நெருக்கமான வீடுகளில் தாய்மார் தமது ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்தபோது, வாசலில் காத்திருந்த நாயும் மெலிந்தது. தெருநாயின் விலா எலும்பு வெளியே தெரிகிறதென்றால், அதற்குப் பின்னால் எங்கோ ஓர் அடுப்பு அணைந்திருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். நாயைக் கண்டு நின்றவன் அந்த அடுப்பையும் கண்டிருப்பான். நாயைக் கண்டு விலகியவனுக்கு அதுவும் தெரியாமற் போகிறது.

பசியைப் படம் பிடிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்வார்கள். இந்தியா முழுவதிலும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நமது மலையக மக்களின் மூதாதையர் பலர் கடல் கடந்து இத்தீவின் தோட்டங்களுக்கு வந்ததும் அப்பஞ்சத்தின் துரத்தலால்தான். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி அப்போது பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கூட்டமாக இருத்திப் படங்கள் எடுத்தார். எலும்புக்கூடாய்ப்போன தாயும் தகப்பனும் பிள்ளைகளும் கமெராவை வெறித்துப் பார்க்கும் அப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு உதவாமல் படம் மட்டும் எடுத்தார் என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே அவர்மேல் எழுந்தது. படத்தை எடுத்தவரின் பெயர் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. படத்தில் இருப்பவர்களுக்கோ பெயரில்லை. அவர்கள் நம் பாட்டனாரின் பாட்டனாராக இருக்கக்கூடும், நமக்குத் தெரியாது.

1993ஆம் ஆண்டு மார்ச்சில், பஞ்சமும் போரும் வாட்டிய சூடான் நாட்டின் தெற்கே, அயோட் என்ற ஊரில், தென்னாபிரிக்கரான கெவின் கார்ட்டர் எடுத்த படத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். தரையில் சுருண்டு கிடக்கும் ஒரு குழந்தை. சற்றுத் தள்ளி ஒரு பிணந்தின்னிக் கழுகு. அமெரிக்காவின் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் அது வெளிவந்ததும், உலகின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கேள்வி, எங்கள் அலுவலகத்தில் தேநீர் தரும் அம்மா கேட்ட அதே கேள்விதான்: அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று? கழுகைத் தாம் விரட்டிவிட்டதாகக் கார்ட்டர் சொன்னார். ஆனால் பிள்ளை உணவு நிலையத்தைச் சென்றடைந்ததா என்று பத்திரிகையால் சொல்ல முடியவில்லை. 1994இல் அப்படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில், தமது 33ஆவது வயதில், அவர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய துயரத்துக்குக் காரணங்கள் பல. போர்முனைகளில் அவர் கண்டவற்றைக் காணாத நமக்கு அவரைத் தீர்ப்பிட உரிமையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2011ஆம் ஆண்டில், அதாவது 18 ஆண்டுகள் கழித்து, ஸ்பானிய நாட்டுப் பத்திரிகையாளர்கள் அதே அயோட்டுக்குப் போனார்கள். குழந்தையின் தகப்பனைக் கண்டுபிடித்தார்கள். உலகமெல்லாம் சிறுமி என்று எண்ணியிருந்த பிள்ளை உண்மையில் சிறுவன். பெயர் கொங் நியொங். அந்தப் பஞ்சத்தில் அவன் இறக்கவில்லை. பிழைத்து வளர்ந்து, பின்னர் காய்ச்சலால் இறந்தான். ஒருவர் திரும்பிப் போய்ப் பெயரைக் கேட்பதற்கு 18 ஆண்டுகள் எடுத்தன! அதுவரை அவன் உலகுக்கு ஒரு 'படம்'. அதன் பிறகே அவன் ஒரு தகப்பனின் மகன்.

இனி, நமது பொரளைக்கே திரும்புவோம். இச்சந்தியில் எடுக்கப்பட்ட ஒரு படம் நம் இனத்தின் நெஞ்சில் இன்னும் ஆறாத காயமாக இருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை மறுநாள் மாலை பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடாயிற்று. அங்கு திரண்ட கூட்டத்திலிருந்தே அன்றிரவு வன்செயல் புறப்பட்டு நகரெங்கும் பரவியது. அவ்வேளையில் பொரளை பஸ் நிலையத்தருகே, ஆடை களையப்பட்ட ஒரு தமிழர் குனிந்து அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் வாலிபர்கள். முகங்களில் சிரிப்பு. அக்காட்சியைப் படம் பிடித்தவர் சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களப் புகைப்படக்காரர். கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகையில் பணியாற்றியவர். 'அத்த' என்றால் சிங்களத்தில் உண்மை என்று பொருள்.

நாயின் படத்தையும் இந்த மனிதரின் படத்தையும் ஒரே கட்டுரையில் பேசுகிறேன் என்று மனம் வருந்தாதீர்கள். துன்புறுபவர்களை நான் ஒப்பிடவில்லை. ஒருக்காலும் ஒப்பிட முடியாது. நான் ஒப்பிடுவது, பார்த்துக்கொண்டு நிற்கும் நம் கண்களை.

அந்தப் படத்துக்குள் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். படத்துக்கு வெளியே, கமெராவின் பின்னால், மற்றொருவர் பார்க்கிறார். எல்லோரும் ஒரே காட்சியைத்தான் காண்கிறார்கள். ஆனால் உள்ளே நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வெளியே நின்றவர் சாட்சியாகிறார். அந்த இரவில் அந்தக் கூட்டத்தின் நடுவே கமெராவைத் தூக்குவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். அவர் எடுத்த படம் இல்லாதிருந்தால், 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்வது பலருக்கு எவ்வளவு எளிதாயிருந்திருக்கும்! ஆகையால் படம் எடுப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. துன்பத்துக்குச் சாட்சி வேண்டும். கல்வாரியில்கூடச் சாட்சிகள் நின்றார்கள். அதனாற்றான் நமக்கு நற்செய்தி கிடைத்தது. ஆனால் அங்கும் வேடிக்கை பார்த்தவர்களே அதிகம். சிலுவைப்பாதையின் பத்தாம் நிலையில் ஆண்டவரின் ஆடைகளைக் களைந்தபோது சுற்றி நின்று சிரித்தவர்களை நினைக்கும்போதெல்லாம், எனக்குப் பொரளை பஸ் நிலையம் கண்முன் வருகிறது.

அதே நாள்களில், தமது கதவைத் திறந்து தமிழ் அயலவரை உள்ளே ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்கள் இந்நகரில் இருந்தன. காடையர் வாசலில் நின்று கேட்டபோது 'இங்கே எவருமில்லை' என்று சொன்ன தாய்மார் இருந்தார்கள். அவர்களை எவரும் படம் எடுக்கவில்லை. எடுக்க அவர்களும் விட்டிருக்க மாட்டார்கள். கண்டதும் செயலில் இறங்கியவர்களுக்குப் படத்துக்கு நிற்க நேரமிருப்பதில்லை.

இப்போது தவக்காலத்தின் இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை நாம் கேட்கும் நற்செய்திக்கு வருவோம். செல்வந்தனும் இலாசரும். அந்தச் செல்வந்தன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. இலாசர் கிடந்தது அவனுடைய வாசலில். தினமும் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் கண்டிருப்பான். கண்டு கண்டு பழகி, வாசற்படியைப்போல் ஆகிவிட்டான் இலாசர். அவன் அருகில் வந்தவை நாய்கள், புண்களை நக்கின. அது அவனுடைய இழிநிலையின் உச்சம் என்று விளக்குவோரும் உண்டு. மனிதர் செய்யாத ஆறுதலை வாயில்லா ஜீவன் செய்தது என்று விளக்குவோரும் உண்டு. எப்படியாயினும், அந்த வாசலில் இலாசரின் அருகே போனவை நாய்கள் மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. ஆண்டவர் சொன்ன எத்தனையோ உவமைகளில் வரும் அரசர்களுக்கும், விதைப்பவர்களுக்கும், மேய்ப்பர்களுக்கும் அவர் பெயரிடவில்லை. ஊதாரி மைந்தனுக்குக்கூடப் பெயரில்லை. ஆனால் வாசலில் கிடந்த இந்தப் பிச்சைக்காரனுக்கு மட்டும் பெயர் சொல்கிறார்: இலாசர். செல்வந்தனுக்கு அங்கே பெயரில்லை. நமது பத்திரிகைகளோ இதற்கு நேர்மாறு! உதவி வழங்கும் படங்களைப் பாருங்கள். கொடுப்பவரின் பெயரும் பதவியும் கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்குபவர் 'வறிய குடும்பமொன்று'. இக்குற்றத்தை வேறெங்கும் தேட வேண்டாம். நான் தயாரித்த பக்கங்களிலேயே அது நிறைய உண்டு.

அந்தத் தேநீர்க் கேள்விக்குப் பிறகு, மறுநாட் காலையில் வாலிபரும் நானும் பொரளைக்குப் போனோம். பஸ் தரிப்பிடத்தில் நாய் இல்லை. செத்துவிட்டதென்றே எண்ணினோம். பக்கத்தில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கும் வயதான சிங்கள அம்மா ஒருவர், எங்கள் தேடலைப் பார்த்துவிட்டு, "சூட்டியையா தேடுறீங்க, பாதர்?" என்று சிங்களத்தில் கேட்டார். நாய்க்குப் பெயர் இருந்தது! தமது பலகைக்குப் பின்னால், பழைய சாக்கு ஒன்றின்மேல், சூட்டி படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டியபடி இரண்டு குட்டிகள். ஐந்து ஈன்றதாம், மூன்று போய்விட்டனவாம். தாம் காலையில் வாங்கும் பாணில் பாதியை அம்மா தேநீரில் நனைத்து அதற்குக் கொடுத்துவந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர்.

வாலிபர் அந்தச் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின் தமது கமெராவில் வெட்டப்படாத அசல் படத்தைத் தேடியெடுத்து என்னிடம் காட்டினார். நான் 'குப்பை' என்று சொல்லி வெட்டச் சொன்ன ஓரத்தில், ஒரு சீத்தைத் துணியின் விளிம்பும், தண்ணீர்ச் சிரட்டையும் இருந்தன. படத்தில் இருந்த ஒரே இரக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரக்கத்தைப் பற்றி வாசகம் எழுதியவன் நான்.

அம்மாவைப் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். "என்னை எதுக்குப் போடுறீங்க? இதுட சொறிக்கு மருந்து வாங்கித் தாங்க" என்றார். மிருக வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். பட்டினி கிடந்த மிருகத்துக்கு ஒரேயடியாக நிறையக் கொடுக்காமல், தண்ணீரும் சிறிது சிறிதாக உணவும் பல தடவை கொடுக்க வேண்டும் என்றும், சொறி மருந்தால் மாறக்கூடியதே என்றும் அவர் சொன்னார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த வாலிபர், பஸ் வருமுன், பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். சூட்டியின் முதுகில் மயிர் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. குட்டிகளில் இன்னொன்றும் இறந்துவிட்டது. இருப்பதை இருந்தபடியே சொல்கிறேன்.

தெருநாய்களுக்கு அஞ்சுவோரின் அச்சமும் வீணானதல்ல. 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டும், கடியுண்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் சிகிச்சை அளித்தும், 2014ஆம் ஆண்டளவில் அத்தொகை இருபதை ஒட்டிய அளவுக்குக் குறைந்தது. நோய் கண்ட நாய்களைப் பரிசோதித்து உறுதிசெய்யும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் இதே பொரளையில்தான் இருக்கிறது. ஆகவே அறியாத நாயைத் தடவாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் தெரு நாய்களுக்கு ஊசி போட ஆள் வரும்போது பிடித்துக் கொடுங்கள். விவேகத்தோடு செய்யப்படும் இரக்கமே பிறருக்கும் பயன் தரும்.

அன்பானவர்களே, இன்று ஏறக்குறைய நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கமெரா இருக்கிறது. ஒரு துன்பத்தைக் கண்டதும் கை தானாகத் தொலைபேசிக்குப் போகிறது. படம் எடுத்து, நாலு பேருக்கு அனுப்பி, 'ஐயோ பாவம்' என்று எழுதியதும் நமது கடன் தீர்ந்ததாக மனம் சொல்கிறது. தீரவில்லை. அந்தக் கணத்தில்தான் கடன் தொடங்குகிறது. கண்டோம் என்பதற்கு நம் கையிலேயே அத்தாட்சி இருக்கிறதே! 'ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்?' என்று நாம் இனி எப்படிக் கேட்போம்?

இத்தவக்காலத்தில் இறைச்சியை ஒறுப்பவர்கள் ஒறுங்கள். அதோடு இன்னொரு சிறு முயற்சியையும் சேர்த்துக்கொள்வோம். துன்புறும் ஒருவரையோ ஒரு ஜீவனையோ படம் எடுத்தால், எடுத்த இடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பிப் போவோம். மனிதராயின், முதலில் அனுமதியையும், பிறகு பெயரையும் கேட்போம். பதில் சொல்ல முடியாத ஜீவனாயின், அருகிலிருப்பவரைக் கேட்போம். நமக்கு முன்பே அங்கே ஒரு சிரட்டைத் தண்ணீர் வைத்தவர் இருக்கக்கூடும். அவருக்குத் துணை நிற்போம்.

அந்த வாலிபரின் படம் இந்த இதழில் இல்லை. முன்பக்கத்தில் வேறொரு படம் இருக்கிறது. சூட்டியைப் பார்க்க விரும்புவோர் பொரளைக்குத்தான் போக வேண்டும். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

இரக்கமுள்ள ஆண்டவரே, காணும் கண்களை எமக்குத் தந்தீர். கண்டபின் நிற்கும் கால்களையும் தந்தருளும். ஆமென்.